கருப்பன் இருக்கும் வீட்டுக்கு எந்தப் பறவை? நங்கநல்லூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கருப்பன் என்ற அந்த நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. வெளியே ஏசி பெட்டிமேல் ஒரு புறா. ஜூன் மாத வெயில். அதுவரை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய், புறா வந்து உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டதாம். காது இரண்டும் முன்பக்கம் வந்திருந்தன, வால் அசையவில்லை, முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நின்றது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நண்பனின் தங்கை வீடு அது. 2024 ஜூன் மாதம் போன் செய்திருந்தார். "அண்ணா, பொண்ணு கிளி வேணும்னு தினமும் அழறா. வீட்ல கருப்பன் இருக்கான். எது வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்." நான் மருத்துவன் இல்லை. வில்லிவாக்கத்தில் மொட்டை மாடியில் கொட்டகை போட்டுப் பதினெட்டு வருஷமாகப் பறவை வளர்ப்பவன். நாய் இருக்கும் வீடுகளிலிருந்து இப்படிக் கேட்டு வருபவர்கள் அதிகம். பெரும்பாலும் "எந்தப் பறவை நல்ல பறவை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் நாயைப் பார்க்க வேண்டும் என்பேன். இந்த வீட்டு விஷயத்தை ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கூட இருந்து பார்த்ததால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

வீடு

இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. அப்பா, அம்மா, பதினோரு வயதுப் பெண், பாட்டி. பாட்டிக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. கருப்பனுக்கு நாலு வயது. தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வந்தது. நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால். சிப்பிப்பாறை ரத்தம் நிச்சயம் கலந்திருக்கிறது. ராஜபாளையம், கோம்பை போன்றவை காவலுக்குப் பேர் போனவை என்றால், சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு வளர்த்தெடுத்த நாய்கள். கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். மோப்பம் பிடித்து யோசித்துக்கொண்டு போகிற வேலையே அதற்கு இல்லை; ஏதாவது படபடவென்று அசைந்தால் உடம்பு தானாகக் கிளம்பிவிடும்.

மனிதர்களிடம் கருப்பன் தங்கம். பாட்டியின் புடவைத் தலைப்பில் தலை வைத்துத் தூங்குவான். அதனால்தான் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை: "இவன் ஒரு ஈ எறும்பைக்கூடத் துன்பப்படுத்த மாட்டான்." அன்பான நாய் என்பதும் வேட்டை உணர்ச்சி உள்ள நாய் என்பதும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. இதை அந்த வீட்டில் நான் குறைந்தது நாலு தடவை சொல்லியிருப்பேன்.

பெண் கேட்டது

அவள் கேட்டது பச்சைக்கிளி. கிளி ஜோசியக்காரரிடம் பார்த்திருக்கிறாள், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறாள். பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மைனாவும் முனியாவும் அப்படியே. சந்தையில் சாயம் பூசி "கலர் குருவி" என்று விற்கிறார்களே, அவற்றில் பல நம்மூர் முனியாக்கள்தான். கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்தோ வலையில் பிடித்தோ கொண்டுவரும் வழியிலேயே பல செத்து, மீதிதான் கூண்டுக்கு வருகிறது. அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ராயப்பேட்டையில் கேமரா சேகர் மொட்டை மாடியில் அரிசி வைத்து ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைத்த கதையைச் சொன்னேன். "அப்போ நம்ம மாடிக்கும் வருமா மாமா?" என்றாள். முயற்சி செய்து பார்க்கலாம் என்றேன். பச்சைக்கிளி விஷயம் அத்தோடு முடிந்தது.

அப்புறம் "லவ் பேர்ட்ஸ்" என்றார்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. சென்னையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் பட்ஜி; ஆஸ்திரேலியப் பறவை, 30 முதல் 40 கிராம் எடை. நிஜமான லவ் பேர்டை இங்கே "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்பார்கள். அது கொஞ்சம் கனமானது, அலகு பலமானது, குணமும் வேறு. சட்டத்திலும் வித்தியாசம் உண்டு. மத்திய அரசின் 2024 விதிகளின்படி சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜி, காக்டெயில் (தலையில் கொண்டை உள்ள சின்னக் கிளி), பீச் நிற முகம் கொண்ட லவ் பேர்ட் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஃபிஷர் லவ் பேர்டும் சன் கானூர் என்ற தென்னமெரிக்கக் கிளியும் இருக்கின்றன. கடையில் இதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

இரண்டு வாரம் நாயைப் பார்த்தது

பறவை எதையும் கொண்டுபோய் நாய்க்கு முன்னால் வைத்துச் சோதிக்கவில்லை. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பறவைக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று யோசிப்பதில்லை. பால்கனிப் புறாக்களே எங்களுக்குப் போதும். புறா வந்ததும் கருப்பனை அழைத்தால் எத்தனை நொடியில் திரும்புகிறான் என்று வீட்டில் குறிக்கச் சொன்னேன். முதல் வாரம் அழைத்தால் காது கேட்காத மாதிரி நின்றான். வேகவைத்த கோழி ஈரலை மூக்குக்கு நேராகக் காட்டியும் திரும்பவில்லை. சாப்பாட்டு ராமனான ஒரு நாய் ஈரலை மறந்து நிற்கிறது என்றால், அந்தத் தூரம் அதற்கு மிக நெருக்கம் என்று அர்த்தம். ஆகவே கண்ணாடிக் கதவிலிருந்து பின்னால், சமையலறை வாசல்வரை தள்ளிப்போய் ஆரம்பித்தோம். அங்கிருந்து அவனால் திரும்ப முடிந்தது. புறாவைப் பார்த்துவிட்டு அவனாக முகத்தைத் திருப்பினால் ஒரு துண்டு ஈரல். "விடு" என்ற சொல் அதற்கு அப்புறம்தான் வந்தது.

இன்னொரு சின்னச் சோதனை. போனில் பறவைச் சத்தம் போட்டோம். சீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவியின் "பீப் பீப்" கேட்டதும் தலையைச் சாய்த்து, சோபாவுக்கு அடியில் மூக்கை நுழைத்து, கால் மணி நேரம் வீடு முழுக்கத் தேடினான். பட்ஜியின் சளசளப்புக்கு முதல் இரண்டு நாள் எழுந்து நின்றான். ஐந்தாம் நாள் படுத்தபடியே கேட்டான். இது எல்லா நாய்க்கும் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன். கருப்பன் அப்படி இருந்தான்.

என் மனதில் இருந்தது காக்டெயில்

முதல் பறவை என்று யார் கேட்டாலும் நான் வழக்கமாகச் சொல்வது காக்டெயில். 80, 100 கிராம் எடை, சாதுவான குணம், விசில் அடிக்கும், தலையைக் குனிந்து தடவச் சொல்லும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம் கூட இருக்கும். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

இந்த வீட்டுக்கு அதை வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம், கையால் வளர்த்த ஒற்றைக் காக்டெயிலுக்கு மனிதத் தோள் வேண்டும் என்பதுதான். நீங்கள் ஹாலில் இருந்தால் அதுவும் ஹாலுக்கு வரவேண்டும் என்று கத்தும். கூண்டுக்குள்ளேயே வைத்தால் ஏங்கும், இறகைப் பிடுங்கிக்கொள்ளும். அதாவது, தினமும் அந்தக் கதவைத் திறந்தே ஆகவேண்டிய பறவை அது. தினமும் திறக்கும் கதவு ஒருநாள் தப்பான நேரத்தில் திறக்கும்.

2011-இல் எனக்கே அது நடந்தது. வீட்டுக்கு வந்துபோகிற உறவினரின் நாய், என் காக்டெயிலோடு மூன்று மாதம் பழகியிருந்தது. ஒரே அறையில் இருக்கும், ஒன்றும் செய்யாது. ஒருநாள் என் தோளிலிருந்து பறவை வழுக்கித் தரையில் விழுந்து சிறகடித்தது. நாய் கவ்வியது. "விடு!" என்று கத்தினேன், உடனே விட்டது. இரண்டு நொடிகூட இருக்காது. பறவையைக் கையில் எடுத்து இறகை ஊதி ஊதிப் பார்த்தேன். ரத்தம் இல்லை, காயம் தெரியவில்லை. தப்பித்தது என்று நினைத்து, தண்ணீர் காட்டி, கூண்டைத் துணியால் மூடிப் படுக்கவைத்தேன். மறுநாள் காலை கூண்டின் அடித்தட்டில் உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மதியத்துக்குள் என் உள்ளங்கையிலேயே போய்விட்டது. நாயின் பல் பட்ட இடம் ஊசி முனை அளவுகூட இருக்கத் தேவையில்லை, எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் போதும், அந்த மணி நேரமே வந்து மருந்து ஆரம்பித்திருக்க வேண்டும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். நாய் பறவையைக் கவ்வியது என்றால், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். எனக்கு அது தெரியாமல் போய்விட்டதே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

காக்டெயிலின் இறகிலிருந்து வெள்ளைத் தூளும் நிறைய உதிரும். பாட்டியின் இளைப்புக்கு அது ஆகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை விட்டிருக்கலாம்.

மற்றவற்றை வேகமாகத் தள்ளினோம். கானூர் போடும் சத்தம் அடுக்குமாடி வீட்டுக்கு ஒத்துவராது. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் முதல் பறவையாகக் கடினம், கடித்தால் குழந்தை பயந்துவிடும். ஃபிஞ்ச் மனிதரை எதிர்பார்க்காத பறவை, அந்த வகையில் ஏற்றது. ஆனால் ஓயாமல் தாவும், கருப்பனை அந்தச் சத்தமே பைத்தியமாக்கியது.

மிஞ்சியது ஒரு ஜோடி பட்ஜி. ஒன்றுக்கொன்று துணை, பெரிய கூண்டுக்குள்ளேயே பறந்து, பேசி, சண்டைபோட்டு முழு வாழ்க்கையும் வாழக்கூடியவை. கதவு திறக்கவில்லை என்றால் அவற்றுக்கு ஒன்றும் குறையாது. தோளில் உட்காரும் பறவை கிடைக்காது என்று அந்தப் பெண்ணிடம் நேராகவே சொன்னேன். கண் கலங்கினாள். கருப்பனைப் பார்த்தாள். "சரி மாமா" என்றாள்.

ஆவணிவரை காத்திருந்தது

ஜூலை நடுவில் எல்லாம் தயார், வாங்கப் போகலாம் என்றபோது பாட்டி தடுத்தார். "ஆடி மாசம் புது ஜீவன் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் தம்பி. ஆவணி பொறக்கட்டும்." எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கருப்பனின் பயிற்சிக்கு இன்னும் நாலு வாரம் கிடைத்தது. அறையைச் சரிசெய்யவும் அந்த நேரம் உதவியது.

பறவைக்கு என்று சின்னப் படுக்கையறையை ஒதுக்கினார்கள். கூண்டு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். பட்ஜி குறுக்காகப் பறக்கும், அதனால் நீளம்தான் முக்கியம். கோபுரம் மாதிரி உயரமான கூண்டு அழகுக்கு மட்டும். கம்பிக்குக் கம்பி 1.2 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. துத்தநாகம் பூசிய மலிவான வலைக்கம்பியை அலகால் சுரண்டித் தின்றால் விஷம், அதனால் பவுடர் கோட்டிங் செய்த கம்பி. கூண்டைக் கொக்கியில் தொங்கவிட வேண்டும் என்று அப்பா சொன்னார், நாய்க்கு எட்டாதாம். கருப்பன் பின்னங்காலில் நின்றால் மூக்கு ஐந்தடிக்குப் போகிறது. தொங்கும் கூண்டு ஆடும், ஆடுவதைக் கண்டால் இன்னும் தாவுவான். சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் கூண்டை வைத்து நட்டு போட்டு இறுக்கினோம். நாயின் கை, மூக்கு, நாக்கு எதுவும் கம்பியைத் தொடக் கூடாது; கம்பியைப் பிடித்துத் தொங்கும் பறவையின் விரல் வெளியேதான் இருக்கும்.

மரக்கதவு ஏற்கெனவே உண்டு. அதற்கு முன்னால் கொசுவலைக் கதவு ஒன்று, கீழ்ப்பாதிக்கு நைலான் வலைக்குப் பதில் எஃகு வலை போட்டது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

புகை பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. பறவையின் நுரையீரல் நம்முடையது போல இல்லை. உடம்பு முழுக்கக் காற்றுப் பைகள், இழுக்கும் காற்றில் உள்ளதெல்லாம் உள்ளே போய்விடும். கொசுவர்த்தியை நிறுத்தினார்கள். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்துவிட்டால் கருகும் பூச்சிலிருந்து வரும் வாயு, நமக்கு வாசனைகூடத் தெரியாமல், பறவையை நிமிஷத்தில் கொன்றுவிடும் என்றதும் அந்த அம்மா பழைய இரும்புத் தோசைக்கல்லுக்கே திரும்பிவிட்டார். கருப்பனுக்கு உண்ணி மருந்து தெளிப்பதைப் பால்கனியிலிருந்து மொட்டை மாடிக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான் பெரிய பேச்சு. பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே வாசலில் மட்டும் போட ஆரம்பித்தார். இருமலும் குறைந்தது என்று பின்னால் சொன்னார்.

வாங்கியது

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வேண்டாம் என்று கொளத்தூர்ப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். நெற்றியில் அலகுவரை கோடு இறங்கியிருந்தால் இளசு. மூக்குக்கு மேல் உள்ள பட்டை, வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. இளசில் ஆணுக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு, பெண்ணுக்கு மூக்குத் துளையைச் சுற்றி வெண்மை. இரண்டு ஆண்களை எடுத்தோம். குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லாததால் கடைக்காரர் இலவசமாகத் தந்த மண்பானையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆண் பெண் ஜோடியாக இருந்து பானையும் இருந்தால் முட்டை மேல் முட்டை வைத்துப் பெண்பறவை தேய்ந்துபோகும். பச்சை ஒன்று, நீலம் ஒன்று. லட்டு, பூந்தி என்று பெயர் வைத்தாள். தீனிக்குத் தினை, கொஞ்சம் சாமை. தினமும் முருங்கைக்கீரைக் கொத்து, கம்பியில் செருகிய கடல்நுரை (கணவாய் ஓடு) ஒன்று.

முதல் பத்து நாள் மரக்கதவு மூடியே இருந்தது. கருப்பன் வாசலில் படுத்து மூக்கைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டிருந்தான். விரட்டவில்லை, அவனாக எழுந்து வந்தால் ஈரல். பிறகு கயிற்றோடு, ஹாலின் மறுகோடியிலிருந்து, வலைக்கதவு வழியாக இரண்டிரண்டு நிமிஷம். வாய் மூடிக்கொண்டால் வேட்டைக் கவனம் வந்துவிட்டது என்று அர்த்தம்; அன்றைக்குப் போதும், திரும்பிவிடுவோம். அந்த வீட்டில் எல்லோரும் நாயின் வாயைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

தீபாவளி இரவு

2024 அக்டோபர் 31. எல்லாவற்றையும் யோசித்த நான் ஒன்றை மறந்திருந்தேன். வெடிச் சத்தத்துக்குக் கருப்பன் ஒவ்வொரு வருஷமும் ஒளியும் இடம், தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறைதான். ஆகஸ்டிலிருந்து அது பறவைகளின் அறை.

ராத்திரி எட்டரைக்குக் கீழே பத்தாயிரம் வாலா போட்டார்கள். வலைக்கதவின் கொக்கி சரியாக விழாமல் இருந்திருக்கிறது. தீனி வைத்துவிட்டு வந்தவர் மரக்கதவை ஒருக்களித்து விட்டிருக்கிறார். கருப்பன் நடுங்கிக்கொண்டே ஓடி இரண்டையும் தள்ளி உள்ளே போய்விட்டான். வெடிச் சத்தத்தில் பட்ஜிகள் ஏற்கெனவே இருட்டில் கூண்டில் மோதி அடித்துக்கொண்டிருந்தன. பயந்துபோய் வந்த நாய், படபடப்பைக் கேட்டதும் பயத்தை மறந்தான். அந்தப் பெண் விளக்கைப் போட்டபோது முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றிக் கூண்டுக்கு நேராக நின்றிருந்தான், வாய் மூடியபடி. தாங்கி அசையவில்லை. அவள் கத்தவில்லை. "கருப்பா, விடு" என்றாள், ஜூலையிலிருந்து சொன்ன அதே குரலில். மூன்றாவது தடவை இறங்கினான்.

கூண்டில் ரத்தம். நாய் தொடவில்லை, மோதியதில் பூந்தியின் சிறகில் வளர்ந்துகொண்டிருந்த ரத்த இறகு ஒன்று ஒடிந்திருந்தது. போனில் நான் சொல்லச்சொல்ல, துண்டால் பிடித்து, சோள மாவை வைத்து இரண்டு நிமிஷம் அழுத்தினார்கள். நின்றது. மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை என்பதால் எங்கே போவது என்று முதல் மாதமே முடிவு செய்துவைத்திருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது.

தவறு என் மேல்தான். நாய்க்கு ஒளிய ஓர் இடம் வேண்டும் என்பதைக் கேட்காமலே அதன் அறையைப் பறவைக்குக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த வாரம் பெரிய படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை, பாட்டியின் கிழிந்த புடவை எல்லாம் போட்டுக் கருப்பனுக்கு ஒரு குகை செய்தோம். வலைக்கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங், மேலே ஒரு தாழ்ப்பாள். பறவை அறையில் இரவில் மங்கலான சின்ன விளக்கு. ஜனவரியில் போகி வந்தபோது ஜன்னல் இடுக்கை ஈரத்துணியால் அடைத்தார்கள், கருப்பன் குகையில் இருந்தான், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து

2025 ஆகஸ்ட் கடைசியில் போயிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா கருப்பனைக் கீழே நடக்கக் கூட்டிப்போகிறார். அவர் படியிறங்கிய பிறகு அந்தப் பெண் உள்ளே போய், இரண்டு கதவையும் தாழிட்டு, மின்விசிறியை நிறுத்தி, சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டுக் கூண்டைத் திறக்கிறாள். சுற்றும் விசிறியில் பறவை அடிபட்டுச் செத்த வீடுகள் சென்னையில் எனக்கே இரண்டு தெரியும், அதனால் அந்த டேப். இருபது நிமிஷம். லட்டு இப்போது அவள் விரலில் வந்து உட்காருகிறது. நான் வலை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை அசைக்காமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, தினைக்கதிரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வெளியே ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறிக்கிறாள். பறவை நோயை மறைக்கும், எடை முதலில் குறையும் என்று நான் சொன்னதிலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை. லட்டு 36 கிராம், பூந்தி 34. மூன்றாவதாக ஒரு பத்தி அவளே போட்டிருக்கிறாள்: "கருப்பன் கதவைப் பார்த்தது". தீபாவளிக்குப் பிறகான பக்கத்தில் 14, 11, 12 என்று போகிறது. நான் போயிருந்த நாளின் தேதிக்கு நேராக 2 என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் "வாய் திறந்துதான் இருந்தது" என்று குறித்திருந்தாள்.